கல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை

சட்டத்தில் ‘எவரும்’ என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தப் பிரச்சினையும் வந்திருக்காது. எழுதியவர்கள் ‘எவரும் எதுவும்’ என்று எழுதிவிட்டார்கள்.

கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது அவர்கள் மனதில் இருந்தவை எந்திரங்கள்தான். விபத்து நடந்தால், “ஆள் செய்யவில்லை, எந்திரம் செய்தது” என்று சொல்லி முதலாளிகள் நழுவிக்கொண்டிருந்த காலம் அது. அதற்கு அணை போட, ‘பணியிடத்தில் தானே முடிவெடுத்து வேலை செய்யும் எவரும் எதுவும் தொழிலாளரே’ என்று ஒரு வரையறையைச் சேர்த்தார்கள். அந்த வரையறையை வைத்து ஒரு வழக்கு தொழிலாளர் தீர்ப்பாயத்துக்குப் போனது. எந்திரம் தானே முடிவெடுப்பதில்லை, சொன்னதைத்தான் செய்கிறது என்று தீர்ப்பாயம் அதை விட்டுவிட்டது. ஆனால் வழக்கின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்த வேறொன்றைப் பிடித்துக்கொண்டது. அது பவளக்கல்.

ஆற்றுமணல் அள்ளுவதற்கு முழுத் தடை வந்த பிறகு, கடலோர ஊர்களில் கட்டடங்களைக் கட்டுவது குறைந்து, வளர்ப்பது தொடங்கியிருந்தது. தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் துரைப்பழம் எழுப்பிய ‘அலைமுகம்’ என்ற அடுக்குமாடி அப்படி வளர்ந்துகொண்டிருந்த ஒன்று. தீர்ப்பு வந்த வாரமே தொழிலாளர் துறை ஆய்வாளர் சங்கரவடிவு கையில் உத்தரவோடு அங்கே வந்து இறங்கினார்.

ஐம்பதைத் தொட்ட பெண்மணி. பாளையங்கோட்டைக்காரர். தலைக்கவசத்தைச் சரியாகப் போட்டுக்கொண்டு, சுவரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். ஈரமாக, லேசான வெதுவெதுப்போடு இருந்தது.

“இது உசுரா, கல்லா?” என்று பக்கத்தில் நின்ற பெர்பெத்துவாவிடம் கேட்டார்.

பெர்பெத்துவா மச்சாது கடல் உயிரியல் படித்தவள். திரேஸ்புரத்தில் பிறந்தவள். அந்தக் கட்டடத்தை வளர்க்கும் பொறுப்பு அவளுடையது.

“ரெண்டும்தான் மேடம். மன்னார் வளைகுடாப் பவளத்துல இருந்து வளத்தெடுத்தது. பவளம் கடல்தண்ணியில இருக்கிற சுண்ணாம்பை எடுத்துத் தன்னைச் சுத்தி வீடு கட்டிக்கிடும்லா, அதைத்தான் இதுவும் செய்யுது. நாங்க கம்பி வலை கட்டி வைக்கோம். சுண்ணாம்புத் தண்ணி ஓட விடுதோம். எந்தப் பக்கம் வளரணும்னு மெல்லிசா மின்சாரம் குடுத்துச் சொல்லுதோம்.”

“அப்போ நீங்க சொல்றதைத்தானே செய்யுது. தானே முடிவெடுக்குன்னு எப்படிச் சொல்லுதாங்க?”

“எங்க சுவர் வேணும்னு நாங்க சொல்லுவோம். எவ்வளவு கனம்னு அதுதான் முடிவு பண்ணும். மேல பாரம் ஏற ஏறக் கீழ தடிச்சுக்கிடும். எந்தப் பக்கம் காத்து அடிக்கோ அந்தப் பக்கம் இறுகிக்கிடும். எங்க கணக்கு தப்பா இருந்தா அதுவே திருத்திக்கிடும்.”

சங்கரவடிவு தலையை ஆட்டிக்கொண்டார். “அப்போ தீர்ப்பு சரிதான்.”

துரைப்பழமும் அங்கே நின்றுகொண்டிருந்தார். உப்பளக் குடும்பத்தில் பிறந்து கட்டடத் தொழிலுக்கு வந்தவர். கடலோரக் கட்டுநர் சங்கத்தின் செயலாளர். அவர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

“கல்லுக்கு லீவு குடுக்கணும். அப்படித்தான மேடம்?”

“வாரத்துல ஒரு நாள், அண்ணாச்சி. எந்த நாள்னு நீங்களே சொல்லலாம்.”

“ஞாயித்துக்கெழமையே இருக்கட்டும். நான் கோயிலுக்குப் போற நாளு. அதும் சும்மா கெடக்கட்டும். அன்னைக்குச் சுண்ணாம்புத் தண்ணியையும் நிறுத்திரலாம்லா?”

“முடியாது. லீவு நாள்ல சாப்பாட்டை நிறுத்தக் கூடாதுன்னு தீர்ப்புலயே இருக்கு. ஆணை மட்டும்தான் போகக் கூடாது.”

கல்லுக்கு ஆணை அனுப்பும் பெட்டியைச் சனிக்கிழமை மாலை பூட்டி, திங்கள் காலையில் திறக்கும் ஒரு பூட்டைப் பொருத்தி, அதில் துறையின் முத்திரையை வைத்துவிட்டு அவர் போனார்.

கட்டடம் வளராத நாளில் வலை கட்ட முடியாது. அதனால் வலை கட்டும் பெண்களுக்கும் ஞாயிறு விடுமுறை என்றானது. அவர்களுக்குத் தலைவி போல இருந்த இசக்கித்தாய் அதைக் கேட்டுவிட்டுப் பெர்பெத்துவாவிடம் சொன்னாள்:

“மனுசனுக்கு வார லீவுன்னு எந்தக் காலத்துலயோ எழுதி வச்சிட்டாங்களாம்மா. கல்லுக்கு எழுதினப்புறந்தான் எங்களுக்குக் கெடைச்சிருக்கு.”

*

முதல் ஞாயிற்றுக்கிழமை பெர்பெத்துவா மட்டும் வேலையிடத்துக்கு வந்தாள். ஆணை இல்லாமல் இருக்கும்போது கல் என்ன செய்யும் என்று பார்க்கும் ஆசை. அது உருவான நாளிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆணை இல்லாமல் இருந்ததில்லை.

திரையில் ஒவ்வொரு தளமாகப் பார்த்தாள். எங்கும் வளர்ச்சி இல்லை. மாலைவரை இருந்தாள். கிளம்பும்போது சுண்ணாம்புத் தொட்டியை எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தொட்டி வற்றிக் கிடந்தது. வேலைநாளில் குடிப்பதைவிட அதிகமாகக் குடித்திருந்தது கல்.

குடித்த சுண்ணாம்பு எங்கே போனது என்று அவளுக்குப் புரியவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்ததும். சுவர்கள் தடித்திருக்கின்றனவா என்று அளந்தாள். தூண்களைத் தட்டிப் பார்த்தாள். எங்கும் ஒரு மயிரிழைகூடக் கூடவில்லை. துரைப்பழத்திடம் சொன்னபோது, “லீவுல நல்லாத் தின்னுட்டுத் தூங்குது போல” என்றார்.

பதில் பக்கத்திலிருந்து வந்தது. அலைமுகத்தின் மதிலை ஒட்டி ஒரு பழைய குடியிருப்பு. மூன்று மாடி. துறைமுகத்திலும் மீன் கம்பெனிகளிலும் வேலை பார்ப்பவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த வீடுகள். அலைமுகத்துக்குப் பள்ளம் தோண்டியபோது தங்கள் சுவர்களில் விரிசல் விழுந்ததாக அவர்கள் வழக்குப் போட்டிருந்தார்கள். கட்டடம் பழசு, கடற்காற்று, அதனால்தான் விரிசல் என்று துரைப்பழத்தின் வக்கீல் பதில் சொல்லியிருந்தார். வழக்கு நடந்துகொண்டிருந்தது.

அங்கே தரைத்தளத்தில் குடியிருந்த மீரான் ஒரு நாள் காலையில் அலைமுகத்தின் வாசலில் வந்து நின்றார். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று காவலாளி தடுக்கப் பார்த்தான்.

“சண்டை இல்ல தங்கச்சி,” என்று பெர்பெத்துவாவைப் பார்த்துச் சொன்னார். “ஒரு சந்தேகம். எங்க வீட்டு வாசக்கதவு ரெண்டு வருசமா மூடாது. நெல சாய்ஞ்சு போச்சு. கயிறு போட்டுத்தான் கெட்டி வைப்போம். நேத்து எங்கம்மா கைய வச்சாங்க, தானா மூடிக்கிட்டு. மாடியில ரெண்டு வீட்டுல சன்னல் மூடுது. நீங்க ஏதும் செஞ்சீங்களா?”

பெர்பெத்துவாவுக்கு வற்றிப்போன தொட்டி நினைவுக்கு வந்தது.

மதிலை ஒட்டி இசக்கித்தாயும் மற்ற பெண்களும் மண்ணைத் தோண்டினார்கள். இடுப்பளவு ஆழத்தில் மண்வெட்டி ணங்கென்று எதிலோ பட்டது. கையால் மண்ணை விலக்கினார்கள். வெள்ளையாக, ஓர் ஆளின் தொடை கனத்தில், அலைமுகத்தின் அடித்தளத்திலிருந்து புறப்பட்டு மதிலுக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போயிருந்தது ஒரு கை. கை என்றுதான் எல்லோருக்கும் சொல்லத் தோன்றியது.

சாக்கடைக் குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் கேமராவைக் கொண்டுவந்து, அந்தக் கையை ஒட்டியிருந்த இடுக்கு வழியாக உள்ளே செலுத்தினார்கள். சின்னத் திரையில் முதலில் இருட்டும் சேறும் மட்டும் தெரிந்தன. பிறகு வெளிச்சம் எதன் மீதோ பட்டுத் திரும்பியது.

பழைய குடியிருப்பின் ஒவ்வொரு தூணும் ஒரு வெள்ளை உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது. உள்ளங்கைகளை வளைவுகள் இணைத்தன. வளைவு மேல் வளைவாக, ஒன்று இன்னொன்றின் பாரத்தை வாங்கி அடுத்ததிடம் கொடுத்தபடி, கேமரா போகப் போக முடிவே இல்லாமல் நீண்டன. ஒவ்வொன்றிலும் மடிப்புகள். இதழ் இதழாக, விசிறி விசிறியாக. அலைமுகத்தில் அந்தக் கல் கட்டியதெல்லாம் நேர்ச்சுவர்களும் சதுர மூலைகளும்தான், ஏனென்றால் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். இந்த வடிவத்தை யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இத்தனை காலமும் சுவர் எழுப்ப மட்டுமே தெரிந்த ஒன்றைத்தான் வளர்க்கிறோம் என்று பெர்பெத்துவா நினைத்திருந்தாள். தன் வேலையைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்று அப்போது தோன்றியது.

“மாதா கோயில் உள்ளுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு,” என்றாள் இசக்கித்தாய், மெதுவாக.

மீரான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

*

துரைப்பழம் திரையில் எல்லாவற்றையும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அறைக்கதவைச் சாத்தச் சொன்னார்.

“இதை அறுத்திரணும்,” என்றார்.

“அண்ணாச்சி.”

“புது விதி உங்களுக்குத் தெரியும்லா. அனுமதி வாங்கின எல்லைக்கு வெளிய ஒரு சாண் போனாலும் மொத்த அனுமதியும் ரத்து. அபராதம் கட்டித் தப்பிக்கிற காலம்லாம் போயிட்டு. சர்வேக்காரங்க திங்கக்கெழம வாராங்க. பாத்தாங்கன்னா தண்ணியை நிறுத்தச் சொல்லுவாங்க. தண்ணியை நிறுத்தினா இந்தக் கல்லு செத்துரும். செத்த கல்லுல யாரைக் குடி வைக்க? வீட்டுக்குப் பதிஞ்சிட்டு வாடகை வீட்டுல காத்துக்கிட்டு இருக்கிற சனங்களுக்கு நான் என்ன சொல்ல?”

“அந்தப் பக்கமும் குடும்பங்கதான் அண்ணாச்சி.”

“இது போறதுக்கு முன்னாடியும் அந்தக் கட்டடம் நின்னுக்கிட்டுத்தான இருந்துச்சு. எல்லையில மட்டும் அறுப்போம். உள்ள இருக்கிறது இருந்துட்டுப் போகட்டும்.”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் பெர்பெத்துவாவுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

சனிக்கிழமை காலை அறுவை எந்திரத்தோடு வெளியூர் ஆட்கள் வந்தார்கள். இசக்கித்தாயின் பெண்கள் பள்ளத்தில் இறங்க மறுத்து ஓரமாக நின்றார்கள். எந்திரம் இரைந்தது. வெள்ளைத் தூசி பறந்தது. கையின் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அறுபட்டிருக்கும்.

அந்தப் பக்கத்திலிருந்து, உயரத்திலிருந்து உப்பு மூட்டை விழுந்தது போல ஒரு சத்தம். அடுத்து பாத்திரங்கள் உருளும் சத்தம். அதற்கடுத்துதான் மனிதக் குரல்கள்.

“நிறுத்துல, நிறுத்து,” என்று துரைப்பழம் கத்தியதை அங்கிருந்தவர்கள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள். அவர் நிற்கவில்லை. மதிலைச் சுற்றிக்கொண்டு ஓடினார். மீரான் வீட்டுச் சுவரில் தரையிலிருந்து கூரைவரை விரல் நுழையும் அகலத்துக்கு விரிசல். கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு கதவாகத் தட்டி, “வெளிய வாங்க, எல்லாரும் வெளிய வாங்க” என்று மூச்சிரைக்கச் சொன்னார். மூன்றாவது மாடியில் நடக்கமுடியாத ஒரு கிழவரை மீரானும் அவரும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஏதோ ஒரு வீட்டின் அடுப்பில் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது.

எல்லோரும் சாலையின் எதிர்ப்பக்கம் நின்றார்கள். கட்டடம் விழவில்லை. ஆனால் நின்ற நிலையில் மெல்லிய முனகல் கேட்டது. சிமெண்டுத் துண்டுகள் உதிர்ந்துகொண்டிருந்தன.

யாரோ சொல்லி சங்கரவடிவு ஆட்டோவில் வந்து இறங்கினார். பள்ளத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், விரிசலைப் பார்த்தார்.

“இப்போ கல்லுக்கு ஆணை போய்க்கிட்டு இருக்கா?” என்று பெர்பெத்துவாவிடம் கேட்டார்.

“ஆமா மேடம். சாயங்காலம் வரைக்கும் வேலைநாளு. பத்தாவது தளம்.”

“நிறுத்துங்க. அவசர விடுப்புன்னு ஒரு பிரிவு இருக்கு. சொந்த வீட்டுல ஆபத்துன்னா தொழிலாளி அந்த நிமிசமே போகலாம். யாரையும் கேக்க வேண்டியதில்ல.”

“சொந்த வீடா?” என்றார் துரைப்பழம். கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அது எதைத் தன் வீடுன்னு நெனைக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது அண்ணாச்சி. பெட்டியைப் பூட்டுங்க.”

பெர்பெத்துவா ஓடிப்போய்ப் பூட்டினாள். இருந்த சுண்ணாம்பையெல்லாம் தொட்டியில் கொட்டினார்கள். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. திரையைச் சாலை ஓரத்தில் ஒரு ஸ்டூல் மேல் வைத்தார்கள். தெரு முழுவதும் அதைச் சுற்றி நின்றது.

அறுபட்ட இடம் முதலில் ஈரமானது. வெட்டுக்குள் மெல்லிய வெள்ளைப் பாலாடை போல ஒன்று படிந்தது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது அது தடித்தது. இரு பக்கத்திலிருந்தும் சின்னச் சின்ன இதழ்கள் முளைத்து, நடுவில் ஒன்றையொன்று தொட்டு, பின்னிக்கொண்டன. பிள்ளைகளைத் தூங்கவைக்க ஆள் மாற்றி ஆள் போய்வந்தார்கள். ஞாயிறு விடிந்து வெயில் ஏறியபோது கை முன்பைவிடக் கனமாகியிருந்தது. முனகல் நின்றிருந்தது. மீரான் தன் வீட்டுக்குள் போய் விரிசலில் விரலை வைத்துப் பார்த்தார். நுழையவில்லை. விரிசலுக்குள் ஆழத்தில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது.

வெளியே வந்து, “மேல ஏறி வருது” என்று மட்டும் சொன்னார்.

*

சர்வேக்காரர்கள் வந்தார்கள். பார்த்தார்கள். எழுதினார்கள். நகரமைப்புத் துறையும் தொழிலாளர் துறையும் சேர்ந்து விசாரணை நடத்தின. அலைமுகத்தின் அனுமதியை ரத்து செய்வதா வேண்டாமா என்பது கேள்வி. ரத்தானால் கல் சாகும். கல் செத்தால் இரண்டு கட்டடங்களும் போகும்.

குடியிருப்பு ஆட்கள் கூடத்தில் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். எந்தக் கட்டடத்தை எதிர்த்து வழக்குப் போட்டார்களோ அந்தக் கட்டடம் பிழைக்கவேண்டுமே என்று வேண்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வீட்டுக்குப் பதிந்தவர்கள் இன்னொரு பக்கம்.

விசாரணை அதிகாரி கேட்டார்: “எல்லைக்கு வெளியே கட்டுமானம் இருக்கிறது. அதை யாரும் மறுக்கவில்லை. யார் கட்டியது?”

சங்கரவடிவு எழுந்தார். “தொழிலாளி, ஐயா. லீவு நாள்ல, மொதலாளி சொல்லாம. ஒரு கொத்தனார் ஞாயித்துக்கெழம பக்கத்து வீட்டுச் சுவரைப் பூசிக் குடுத்தா அது மொதலாளியோட அத்துமீறல் ஆகுமா? அந்தாளு லீவு அந்தாளோடது. இதோட லீவு இதோடது.”

கூடத்தில் சலசலப்பு எழுந்து அடங்கியது. அதிகாரி பெர்பெத்துவாவைப் பார்த்தார்.

“நான்கு திசை இருக்கிறது. ஏன் அந்தப் பக்கம் மட்டும் போனது?”

நிறுவனத்தின் வக்கீல் அவளைத் திரும்பிப் பார்த்தார். இதற்கு அவள் சொல்லும் பதில் குடியிருப்பின் வழக்கிலும் பதிலாகிவிடும் என்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்குச் சம்பளம் கொடுப்பவர் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார்.

“அடித்தளத்துக்குப் பள்ளம் எடுத்தப்போ அவங்க பக்கத்து மண்ணு நகந்துட்டு ஐயா,” என்றாள். “அந்தக் கட்டடம் கொஞ்சம் கொஞ்சமா எங்க பக்கம் சாய்ஞ்சுக்கிட்டு வந்திருக்கு. பாரம் எங்க இருக்குன்னு உணர்றதுதான் இந்தக் கல்லோட குணம். மொத நாள்லயே அதுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“அப்படியென்றால் முதல் நாளே ஏன் போகவில்லை?”

“நாங்க விடலை ஐயா. வாரம் ஏழு நாளும் ஆணை குடுத்துக்கிட்டே இருந்தோம்.”

வக்கீல் எழப் போனார். துரைப்பழம் அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

அனுமதி ரத்தாகவில்லை. தொழிலாளியின் ஓய்வுநாள் வேலை முதலாளியின் கட்டுமானம் ஆகாது என்று எழுதினார்கள். கூடவே, பக்கத்துக் கட்டடம் நிற்கும்வரை கல்லுக்குச் சுண்ணாம்புத் தண்ணீர் நிற்கக்கூடாது என்று துரைப்பழத்தின் தலையில் ஒரு பொறுப்பையும் வைத்தார்கள். குடியிருப்பு ஆட்கள் வெளியே வந்து சங்கரவடிவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பெர்பெத்துவா தன் வேலை போய்விடும் என்று காத்திருந்தாள். போகவில்லை. மறுநாள் காலையில் துரைப்பழம் வழக்கம்போல, “பத்தாவது தளம் எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

*

செய்தி பரவியது. கடற்கரை நெடுகப் பவளக்கல் வளர்த்தவர்கள் தங்கள் கட்டடங்களுக்கு அடியில் கேமராவை விட்டுப் பார்த்தார்கள். நாகப்பட்டினத்தில் ஒன்று கடலரிப்புத் தடுப்புச் சுவரைப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டிருந்தது. கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் அடியில் போயிருந்தது. இராமநாதபுரம் பக்கம் ஒன்று எங்குமே போகாமல், தன் அடித்தளத்தின் நடுவிலேயே ஆள் உயரத்துக்கு ஒரு பூ போல விரிந்திருந்தது. எதையும் தாங்கவில்லை. எதற்கும் பயன்படவில்லை. அதைப் பார்க்க வரிசையில் நின்று ஆட்கள் போனார்கள்.

கட்டுநர்கள் பயந்தார்கள். “இன்னைக்குப் பூ வளக்கும், நாளைக்கு என்ன வளக்கும்னு யாருக்குத் தெரியும்?” என்று சங்கக் கூட்டத்தில் கேட்டார்கள். சட்டத்தைத் திருத்தக் கோரும் மனுவில் செயலாளர் என்ற முறையில் துரைப்பழமும் கையெழுத்துப் போட்டார். ஏன் என்று பெர்பெத்துவா கேட்டபோது, “சங்கம்னா சங்கம்தான்” என்றார். அவளைப் பார்க்காமல் சொன்னார்.

திருத்தம் வந்தது. ‘எவரும் எதுவும்’ என்பதில் ‘எதுவும்’ நீக்கப்பட்டது. முதல் முத்திரை வைத்து ஏறத்தாழ ஓராண்டு ஆகியிருந்தது. முத்திரையை எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே சங்கரவடிவுதான் வரவேண்டியிருந்தது. பூட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

“ஒரு சொல்லு. அதை மட்டும்தான் எடுத்திருக்காங்க,” என்றார்.

அந்த ஞாயிறு எல்லோரும் வரவேண்டும் என்று ஆளனுப்பியிருந்தார்கள். கல் வளர்ந்தால் வலை கட்டவேண்டுமே. இசக்கித்தாயும் பெண்களும் சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் வந்து நின்றார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் குடியிருப்பு ஆட்கள் மாடிகளில் நின்று பார்த்தார்கள். பெர்பெத்துவா ஆணைப்பெட்டியைத் திறந்து, பன்னிரண்டாவது தளத்தின் கிழக்குச் சுவருக்கு ஆணை அனுப்பினாள். சங்கரவடிவு போகாமல் ஒரு சிமெண்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அன்று அவருக்கும் விடுமுறைதான்.

சுவர் வளரவில்லை.

ஆணையைத் திரும்ப அனுப்பினாள். கம்பிகளைச் சோதித்தாள். மின்சாரம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. கல்லுக்கு அது கேட்டுக்கொண்டும் இருந்தது. ஆணை போகும்போதெல்லாம் சுவர் லேசாகச் சிலிர்ப்பதைத் திரை காட்டியது. கேட்டும் அது அசையவில்லை.

“அடியில வேலை பாக்குது போல,” என்றார் துரைப்பழம்.

அவளும் அப்படித்தான் நினைத்தாள். கேமராவை மண்ணுக்குள் விட்டார்கள். வளைவுகள் அப்படியே இருந்தன. எந்த விளிம்பிலும் புது ஈரம் இல்லை. அங்கே செய்யவேண்டிய வேலை எப்போதோ முடிந்திருந்தது. தொட்டியைப் போய்ப் பார்த்தாள். விளிம்புவரை சுண்ணாம்புத் தண்ணீர் அசையாமல் நின்றது.

பெர்பெத்துவா திரும்பி வந்து சுவரில் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பு இருந்தது. உயிரோடுதான் இருந்தது. பக்கத்து வீட்டைத் தாங்குவதற்காக அது ஓய்வுநாளை எடுத்துக்கொண்டது என்று இவ்வளவு நாளும் எண்ணியிருந்தாள். இன்று அது யாருக்காகவும் எதையும் செய்யவில்லை. சும்மா இருந்தது.

“என்னம்மா ஆச்சு?” என்று இசக்கித்தாய் வாசலிலிருந்து கேட்டாள்.

“ஒண்ணும் ஆகல அக்கா. லீவுல இருக்கு.”

இசக்கித்தாய் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தூக்கை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். மற்ற பெண்களும் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

மதியத்துக்கு மேல் துரைப்பழத்தின் கைபேசி அடிக்கத் தொடங்கியது. முதலில் நாகப்பட்டினம். பிறகு கடலூர். பிறகு இராமநாதபுரம். எல்லா இடத்திலும் ஆணை போயிருந்தது. எந்த இடத்திலும் ஒரு கல்லும் வளரவில்லை. எல்லாம் ஒரே தாய்ப் பவளத்தின் துண்டுகள்தான். ஆனால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே எத்தனையோ மைல் மண் இருந்தது. இதற்கு என்ன விளக்கம் என்று துரைப்பழம் பெர்பெத்துவாவைக் கண்ணாலேயே கேட்டார். அவள் தெரியாது என்று தலையசைத்தாள்.

கடைசியாகச் சங்கத் தலைவரின் அழைப்பு வந்தது. அவர் குரல் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

“சட்டத்துல இருந்து எடுத்தாச்சே துரைப்பழம். இன்னைக்கு ஞாயித்துக்கெழமன்னு அதுக்கு யாரு சொன்னா?”

துரைப்பழம் கட்டடத்தை அடியிலிருந்து உச்சிவரை ஒருமுறை பார்த்தார். பிறகு ஆணைப்பெட்டியைத் தன் கையாலேயே நிறுத்தினார்.

“நாமதான் அண்ணாச்சி,” என்றார். “ஒரு வருசமாச் சொல்லிக் குடுத்திருக்கோம்லா.”